அக்கா மெழுகின அடுப்பு

எங்கள் வீட்டில் யார் கண்ணாவது கலங்கியிருந்தால் ஓடிப்போய் என்ன ஏது என்று விசாரிக்கிற வழக்கம் கிடையாது. எல்லார் கண்ணும் எப்போதும் கலங்கித்தான் இருக்கும். அடுப்புப் புகை அப்படி. மட்டாஞ்சேரியில் சுவாமி அம்பலத்துக்குப் பின்னால், மிளகுக் கிடங்குகளோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கிடங்குச் சுவர் மூக்கில் இடிக்கும். அந்த ஜன்னலை அங்கே வைத்த மகானுபாவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், அதே அறையில் அவனை உட்கார்த்தி வைத்து ஈர மட்டையைக் கொளுத்தியிருப்பேன்.

எனக்காவது கண்ணெரிச்சலோடு போயிற்று. என் நாத்தனார் அனந்தலக்ஷ்மிக்கு அது மூச்சையே பிடிக்கும். அவளுக்கு இரைப்பு. வலிவு என்பார்கள் இந்த ஊரில். மழைக்காலம் வந்தால் பாவம், படுத்துத் தூங்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள். நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் நான் எப்படித் தூங்குவது?

இந்த லட்சணத்தில் வீட்டுச் சமையல் மொத்தமும் அவள்தான். என் வீட்டுக்காரருக்கு அவள் அக்கா, நானும் அப்படியேதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். நான் கல்யாணமாகி இங்கே காலடி எடுத்து வைத்தபோதே அடுப்படி அவளுடையது. விடிகிறதற்கு முன்னால் குளித்து, மடியாக, யாரையும் தொடாமல் சமைப்பாள். நான் காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம். அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது.

"உன் மடி எனக்குத் தெரியாதாடீ லோகா! வாசல்ல மீன்காரிகிட்ட வாயைக் குடுத்துண்டே உள்ள வந்து பாத்திரத்தைத் தொட்டுடுவே" என்பாள்.

"ஆமா, நான் மீன்காரியோட பேசறேன். நீங்கோ புகையோட பேசிண்டிருங்கோ" என்பேன் நான்.

எங்களுக்குள் பேச்சு இப்படித்தான். சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த வீட்டில் என்னோடு வாய் கொடுத்துப் பேச அவள் ஒருத்திதான் உண்டு. என் வீட்டுக்காரர் நீலகண்டன் மிளகுக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும்.

காஸ் அடுப்புக்கு எழுதிக் கொடுத்து வருஷக்கணக்கில் காத்திருந்தோம். போய்க் கேட்டால் காஸ் கம்பெனிக்காரன் 'வரும், வரும்' என்பான். மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிவைத்தால், அந்த நாற்றத்தில் சமைத்ததைப் பகவானுக்கு எப்படிக் காட்டுவது என்று அக்கா அதைப் பரணில் ஏற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது விறகுதான். அதுவும் வள்ளத்தில் நனைந்துகொண்டே வந்து இறங்குகிற விறகு.

எண்பத்து நாலில், ஜூனில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் சந்துக்கோடி ஸ்கூலில் ஒரு கூட்டம் போட்டார்கள். புகையில்லாத அடுப்பாம். பேச வந்தவள் அம்மிணி என்று ஒரு டீச்சர். தமிழும் மலையாளமும் கலந்து, நிறுத்தாமல் பேசினாள். காட்டின் படம், மரம் வெட்டுகிற படம், ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சுக்குள் புகை போகிற படம் எல்லாம் மாட்டிவைத்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பாதி விறகு மிச்சமானால் காடும் மிச்சம், ஊர்க் காற்றும் சுத்தம் என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கேட்டேவிட்டேன். "காயலுக்கு அக்கரையில பெரிய பெரிய குழாயா வெச்சு ராப்பகலா புகை விடறாளே, அவாகிட்ட போய்ச் சொல்லியாச்சோ? எங்காத்து அடுப்புதான் ஊரைக் கெடுக்கறதாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மிணியும் சிரித்தாள். "அதுக்கும் சமரம் பண்றோம், கொடி பிடிக்கிறோம் மாமி. அவங்க நிறுத்தற வரைக்கும் உங்க வீட்டில உள்ளவங்களுக்கு மூச்சு வேண்டாமா?"

என் வாயை அடைத்தவர்கள் ரொம்பப் பேர் கிடையாது. கூட்டம் முடிந்ததும் நானே அவளிடம் போய், எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா ஒரேயடியாக மாட்டேன் என்றாள். "குழாய் வெச்ச அடுப்பா? இதென்ன ஆத்து அடுப்படியா, கப்பலா? சங்கு ஊதிண்டு துறைமுகத்துக்குப் போகப்போறேளா எல்லாரும்?"

நான் கெஞ்சினேன். திட்டினேன். அவர் வழக்கம்போலப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மழை வந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், காற்று உள்ளே போகவில்லை. உதடு நாவல்பழ நிறம். மடியாவது மண்ணாவது என்று அவளை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஈஸ்வரா, அவளுக்கு மூச்சு திரும்பி வருகிறதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சாயங்காலம் அவளே சொன்னாள். "அந்தக் கப்பல் அடுப்பை வேணும்னா கட்டச் சொல்லு. கட்டறவன் குளிச்சுட்டு வரணும், கேட்டியா?"

கட்ட வந்தவன் ராசப்பன். பள்ளுருத்தியில் குடியிருக்கிற கொத்தன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குளித்தாயிற்றா என்று அக்கா கேட்டதும், "குளிச்சிட்டுத்தாம்மா வாறேன். மழையில ரெண்டாவது தடவையும் குளிச்சாச்சி" என்றான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மிணி கூடவே நின்று சொல்லச் சொல்ல, அவன் மண்ணைக் குழைத்துக் கட்டினான். முன்னால் ஒரு அடுப்புவாய். அதற்குப் பின்னால் இன்னொரு வாய். இரண்டுக்கும் நடுவே, கை நுழைகிற அகலத்தில் ஒரு சுரங்கம். முன்னால் எரிகிற தீ அந்தச் சுரங்கம் வழியாகப் போய்ப் பின்னால் இருக்கிற பாத்திரத்தையும் வேகவைக்கும். புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். விஷயம் அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் அக்கா தண்ணீர் தெளித்து, பசுஞ்சாணியைக் கரைத்து, புது அடுப்பை மெழுகிக் கோலம் போட்டாள். அடுப்பை மெழுகாமல் எங்கள் வீடுகளில் தீ மூட்டுவது கிடையாது. தினமும் சாம்பலை வாரிவிட்டு, மெழுகி, கோலம் போட்டு, அப்புறம்தான் உலை. பல் தேய்க்கிற மாதிரி. அதைப் போய் யார் யாரிடம் சொல்லுவார்கள்?

அதற்கப்புறம் வந்த மாசங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. சமையலறைச் சுவரின் நிறம் என்ன என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அக்கா சமைத்துக்கொண்டே முணுமுணுவென்று பாடினாள்! அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குத் தெரியாது. ராத்திரி பாயை விரித்து, மனுஷியாய்ப் பிறந்தவர்கள் படுக்கிற மாதிரி நீட்டிப் படுத்தாள். முதல் நாள் அவள் படுத்திருந்ததைப் பார்த்து நான் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

"இன்னும் சாகலைடீ" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

விறகும் பாதிதான் செலவாயிற்று. அம்மிணி சொன்னது வாஸ்தவம். தெருவில் போகிறவள் வருகிறவளை எல்லாம் கூப்பிட்டு அடுப்பைக் காட்டினேன். என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரிதான் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எப்போது மறுபடி ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. கண் லேசாகக் கரித்தது. விறகு ஈரமாக்கும் என்றேன். அப்புறம் அக்கா செருமினாள். பனிக்காற்று என்றாள் அவளே. குழாயில் காக்கை கூடு கட்டியிருக்கும் என்று அவர்கூட வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் ஒரு கூடும் இல்லை. அதற்குள் புகை பழைய இடத்துக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அக்கா மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ராத்திரிகளைக் கழிக்க ஆரம்பித்தாள்.

அம்மிணியைக் கூட்டிவந்தேன். அவள் ராசப்பனைக் கூட்டிவந்தாள். அவன் அடுப்புவாய்க்குள் கையை விட்டான். மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"என் கை போற அளவுக்குல்லா வழி விட்டிருந்தேன்" என்று அவன் விழித்தான். உளியை விட்டுத் தட்டினான். கருகிப்போன பத்தையாக ஒன்று பெயர்ந்து வந்தது. அப்புறம் இன்னொன்று. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், அடுக்கு அடுக்காக, மெல்லிசு மெல்லிசாக, எல்லாம் சாணி.

அம்மிணிக்குப் புரியவே இல்லை. "இதாரு உள்ளே கொண்டுபோய் வெச்சது?"

எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "நான்தான் தினம் மெழுகறேனே. மேலாக்க மட்டும் தடவி ஏமாத்த மாட்டேனாக்கும். கை எட்டற வரைக்கும் உள்ளேயும் மெழுகுவேன். தீ இருக்கற இடமே அதானே? அதை விட்டுட்டு வெளியில மெழுகி யாருக்குக் காட்டறது?"

ஒவ்வொரு நாளும் ஒரு பூச்சு. தீயில் அது சுட்டு இறுகும். மறுநாள் அதன்மேல் இன்னொன்று. இப்படித் தன் மூச்சுக்குப் போட்ட வழியைத் தன் கையாலேயே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், சுத்தமாக, சிரத்தையாக, ஒரு நாள் விடாமல். எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் இன்னும் கோபம்.

"உள்ளே மெழுகண்டா அம்மா. வெளியில எத்தனை வேணும்னாலும் மெழுகிக்கோங்க" என்றாள் அம்மிணி. அக்கா அடுப்பிலிருந்து பெயர்த்துப் போட்ட குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். மனசில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசுகிறவள் இல்லை அவள்.

மறுநாள் காலையில் நான் சமையலறை வாசற்படியில் காவல் நின்றேன். அவள் வெளிப்பக்கம் மெழுகினாள். வாயின் விளிம்பை மெழுகினாள். பிறகு கை தானாக உள்ளே போயிற்று.

"அக்கா!"

அவள் திடுக்கிட்டுக் கையை வெளியே இழுத்தாள். முழங்கை வரைக்கும் சாணி. அதையே பார்த்தாள். "நான் போடலைடீ லோகா. கை தானே போறது. சின்னப் பொண்ணுலேர்ந்து பழகின கை. நான் என்ன பண்ணுவேன்?"

நான் தினமும் காவல் நின்றேன். ஒரு நாள் ஜுரம் வந்து படுத்தேன், அன்றைக்குக் கை மறுபடி உள்ளே போயிற்று. உள்ளே மெழுகாமல் விட்ட நாட்களில் அவள் பதறிக்கொண்டே இருந்தாள். நைவேத்தியத்தைக் கொண்டுபோய் வைக்கும்போது சுவாமி முகத்தைப் பார்க்க மாட்டாள். ராத்திரி தனக்குத்தானே, "அசுத்தத்துல சமைச்சு அவருக்குக் காட்டறேனே" என்று புலம்புவாள். மனசு கேட்காமல், கொஞ்சமே கொஞ்சம், ரொம்பத் தண்ணீராகக் கரைத்து மெழுகிக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு, அவள் அம்பலத்துக்குப் போகிற நேரம் பார்த்து ஒரு கரண்டியை எடுத்து உள்ளே சுரண்டுவேன். அவள் மெழுக, நான் சுரண்ட. நல்ல குடித்தனம் போங்கள்! சுரண்டிச் சுரண்டி உள்மண் விண்டு, அடுப்பு பக்கவாட்டில் விரிசல் விட்டது. விரிசல் வழியே புகை. அந்த விரிசலை அவள் எதை வைத்து அடைத்தாள் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

ராசப்பன் இடித்துவிட்டு மறுபடி கட்டிக் கொடுத்தான். அதுவும் கொஞ்ச நாள்தான்.

"இனி நான் எந்தா மாமி செய்ய?" என்றாள் அம்மிணி.

மறு வருஷ மழையில் அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், அவளிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "இவங்களை இனிமேல் புகையில விட்டா நான் பொறுப்பில்லை" என்றார். அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லிவிட்டேன். "போறும் அக்கா. இனிமே அடுப்படிக்கு நீங்கோ வரப்படாது. நானே மடியா குளிச்சு மடியா சமைக்கறேன். வேணும்னா வாசல்லேர்ந்து பாத்துக்கோங்கோ."

சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. சரி என்று கூடத்து மூலையில் போய் உட்கார்ந்தாள். ராசப்பனை விட்டு அடைப்பைப் பெயர்த்தெடுத்துவிட்டு, நான் உள்ளே மெழுகாமல், வெளியே மட்டும் துடைத்து, சமைத்தேன். புகை ஒழுங்காகக் குழாய் வழியே போயிற்று. அவளுக்கு இரைப்பு நின்றது. பாய் விரித்துப் படுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இலை போட்டுக் கூப்பிட்டால், "பசிக்கலைடீ" என்றாள். ஒரு வாழைப்பழம், கொஞ்சம் மோர். மறுநாளும் அதேதான். கோபமா என்று கேட்டால், "உன்மேல எனக்கென்ன கோபம்? நன்னாத்தான் சமைச்சிருக்கே" என்பாள். சோற்றைப் பிசைவாள், ஒரு வாய் வைப்பாள், அது தொண்டையிலேயே நிற்கும். மடி போதாதோ என்று நினைத்து, நான் பட்டினி கிடந்து, ஈரப்புடவையோடு, வாயைத் திறக்காமல் சமைத்துப் பார்த்தேன். மீன்காரி வந்து கூப்பிட்டும் வாசலுக்குப் போகவில்லை. அதுவும் இறங்கவில்லை. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, கை மட்டும் தரையைத் தடவிக்கொண்டே இருக்கும், முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.

ஒரு நாள் அவர் கிடங்குக்குக் கிளம்பும்போது அவளே கேட்டாள். "நீலாண்டா, நான் சும்மா உக்காந்து திங்கறேனேடா. உனக்கு பாரமா இல்லையா?"

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர், மாட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் படி இறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் செருப்பாலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன அக்கா இது? மூச்சு வந்துடுத்தே, சந்தோஷமா இருக்கப்படாதா?"

"மூச்சு வரது" என்றாள். "அதை வெச்சுண்டு நான் என்னடீ பண்றது? காலம்பற எழுந்தா எங்கே போறதுன்னு தெரியலை. இந்த ஆத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மூலைதான். அதுலேர்ந்து என்னை எறக்கி விட்டுட்டே." குற்றம் சொல்லுகிற குரலே இல்லை. "நீ நல்லதுக்குத்தான் பண்ணினே. எனக்குத் தெரியும்."

அழுதேன். வேறு என்ன செய்ய? அவளை அங்கே விட்டால் புகை தின்றுவிடும். இங்கே வைத்தால் பசி தின்றுவிடும். அம்மிணியிடம் போய்ச் சொன்னேன். அவள் பாவம், அடுப்பைப் பற்றி எது கேட்டாலும் சொல்லுவாள், இதற்கு என்ன சொல்லுவாள்? காஸ் கம்பெனிக்குப் போய்ச் சண்டை போட்டேன். வரும் என்றான். சுவாமியிடமும் சொன்னேன். அவராவது வரும் என்று சொல்லியிருக்கலாம்.

அவள் குளியலறைக்கு எழுந்து போகிற வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்ததற்கு மறுநாள் விடிகாலையில் நான் அவளை எழுப்பினேன். வெந்நீர் போட்டுக் குளிக்கவைத்தேன். சாணியை நானே கரைத்து, அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"உள்ளே வரைக்கும் மெழுகிக்கட்டுமாடீ?" என்று கேட்டாள்.

"மெழுகிக்கோங்கோ அக்கா" என்றேன். காவல் நிற்கவில்லை.

விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துக் கெட்டியாக மெழுகிவிட்டாளோ என்னவோ, அன்றைக்கே சமையலறை நிறையப் புகை நின்றது. அன்று மத்தியானம் எங்களுக்கு அவள்தான் பரிமாறினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "இன்னிக்குத்தான் சாப்பாடு சாப்பாடா இருக்கு அக்கா" என்றார். அத்தனை நாளில் அவர் பேசின நீளமான வாக்கியம் அது. நாங்கள் எழுந்தபிறகு தானும் உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொன்னாள், ரொம்ப நாளைக்கப்புறம் பசிக்கிறதாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணப் பெண் தோற்றாள்.

"ரசம் எப்படிடீ இருக்கு?" என்று கேட்டாள், நான் என்ன சொல்லுவேனோ என்று குழந்தை மாதிரி நின்றுகொண்டு.

"நன்னா இருக்கு அக்கா. இன்னும் கொஞ்சம் வேணும்" என்றேன்.

கையிலிருந்த பாத்திரத்தில் தீர்ந்துபோயிருந்தது. "இதோ கொண்டு வரேன், இரு" என்று அக்கா சந்தோஷமாக உள்ளே புகைக்குள் போனாள்.